ராணுவம் விமானத்தைப் பழகிய கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1909-ல் அமெரிக்க ராணுவத்திடம் இருந்தது ஒரே ஒரு விமானம். 1918 கடைசியில் பிரிட்டிஷ் விமானப்படையிடம் மட்டும் 22,000-க்கும் மேல் இருந்தன. நடுவில் ஒன்பதே வருடங்கள். இந்தக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே வானத்தில் நடந்த துப்பாக்கிச் சண்டைகளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் ராணுவத்துக்கு விமானம் முதலில் ஒரு கண்ணாகத்தான் வந்தது. அந்தக் கண் பார்த்ததைக் கீழே இருப்பவனுக்கு எப்படிச் சொல்வது, சொன்னால் அவன் நம்புவானா என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது.

விமானம் வருவதற்கு முன்பே ராணுவங்கள் வானத்தைப் பயன்படுத்தினவா?

ஆமாம், பலூன்களில். 1794 ஜூன் 26 அன்று ஃப்ளூரூஸ் போரில் பிரெஞ்சுப் படை கயிற்றில் கட்டிய பலூனில் ஆளை ஏற்றி எதிரியைக் கவனித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் பலூன் உண்டு. கட்டிய இடத்தை விட்டு நகராது, காற்றடித்தால் ஆடும் என்பது அதன் குறை. ஆனால் பின்னாளில் கயிற்றோடு தொலைபேசிக் கம்பியையும் மேலே கொண்டு போக முடிந்தது, பலூனில் இருப்பவர் பார்க்கப் பார்க்கவே சொல்லிவிடலாம். பின்னால் விமானத்துக்கு வந்த தலைவலியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரைட் சகோதரர்கள் 1903-லேயே பறந்துவிட்டார்களே, ராணுவம் ஏன் 1909 வரை காத்திருந்தது?

1903 டிசம்பர் 17 அன்று கிட்டி ஹாக்கில் முதல் முறை பறந்தது 12 விநாடி, 120 அடி. அன்றைய மிக நீண்ட பறத்தலே 59 விநாடிதான். அதை வைத்து ராணுவம் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் 1905-ல் அவர்கள் உருப்படியாகப் பறக்கும் இயந்திரத்தோடு அமெரிக்கப் போர்த்துறைக்கு எழுதியபோதும், அச்சடித்து வைத்தது போன்ற ஒரு மறுப்புக் கடிதம்தான் வந்தது. பறக்கும் இயந்திரம் செய்கிறேன் என்று பணம் கேட்டு வருபவர்களைப் பார்த்துச் சலித்துப்போன அலுவலகம் அது. ரைட் சகோதரர்களும் ஒப்பந்தம் ஆகாமல் இயந்திரத்தைக் காட்ட மாட்டோம் என்று பிடிவாதமாக இருந்தார்கள். தப்பு இரண்டு பக்கமும் உண்டு.

1907 ஆகஸ்டில் ராணுவத்தின் சிக்னல் கோர், அதாவது செய்தித் தொடர்புப் பிரிவு, தனக்குள் ஒரு விமானக் கிளையைத் தொடங்கியது. பீரங்கிப் படையோ குதிரைப்படையோ அதைத் தொடங்கவில்லை என்பது கவனிக்க வேண்டியது. அந்த டிசம்பரில் வெளியிட்ட டெண்டரில் கேட்டவை: இரண்டு பேரைத் தூக்க வேண்டும், மணிக்கு 40 மைல் போக வேண்டும், ஒரு மணி நேரம் வானில் நிற்க வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: கழற்றி ராணுவக் குதிரை வண்டியில் ஏற்ற வசதியாக இருக்க வேண்டும், மறுபடி பூட்ட ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடாது.

முதல் ராணுவ விமானம் சோதனையிலேயே ஆளைக் கொன்றது என்கிறார்களே?

உண்மை. 1908 செப்டம்பர் 17, வர்ஜீனியாவின் ஃபோர்ட் மயர். ஓர்வில் ரைட் ஓட்ட, லெஃப்டினன்ட் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். புரொப்பல்லர் விரிசல் விட்டு ஒரு கம்பியில் பட, விமானம் விழுந்தது. செல்ஃப்ரிட்ஜ் அன்றே இறந்தார். இயந்திர விமான விபத்தில் உலகில் முதலில் இறந்தவர் அவர். ஓர்விலுக்குக் கால் எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன.

ஆனாலும் ராணுவம் ஒப்பந்தத்தைக் கைவிடவில்லை. மறு வருடம் புது விமானத்தோடு சோதனை நடந்தது. மணிக்கு 42.5 மைல் வேகம் வந்ததால், பேசிய 25,000 டாலருக்கு மேல் 5,000 டாலர் ஊக்கத்தொகையும் கிடைத்தது. 1909 ஆகஸ்ட் 2 அன்று விமானம் ராணுவத்தின் சொத்தானது.

சரி, வாங்கியாயிற்று. ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார்?

முதலில் வில்பர் ரைட். மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் இரண்டு அதிகாரிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். மூன்றாமவர் பெஞ்சமின் ஃபூலாய் கதைதான் ருசியானது. அவர் சில மணி நேரம் கூடப் போய்ப் பழகியிருந்தார், தனியாக ஓட்டியதில்லை. அந்த நிலையில் விமானத்தையும் சில மெக்கானிக்குகளையும் கொடுத்து டெக்சாஸின் சான் அன்டோனியோவுக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே போய் நீயே கற்றுக்கொள் என்று.

1910 மார்ச் 2 அன்று தனியாக ஏறினார். அவர் முதன்முதலாகத் தனியாகக் கிளம்பியதும், இறங்கியதும், மோதியதும் எல்லாம் ஒரே நாளில். சந்தேகம் வந்தால் ரைட் சகோதரர்களுக்குக் கடிதம் எழுதுவார், பதில் தபாலில் வரும். தபால் வழியாக விமானம் ஓட்டப் படித்தவர் என்று அவரைச் சொல்வது அதனால்தான். அந்த வருடம் விமானப் பராமரிப்புக்கு அரசு ஒதுக்கிய தொகை 150 டாலர். போதாததற்குக் கைக்காசைப் போட்டார். குலுங்கலில் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்படாமல் இருக்க, குதிரைச் சேணம் தைப்பவரிடம் ஒரு தோல் பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டார். நம் இருக்கைப் பட்டையின் மூதாதை அது. 1911 தொடக்கம் வரைக்கும் அமெரிக்க ராணுவத்தின் வான்படை என்பது இந்த ஒரு விமானமும் இந்த ஒரு மனிதரும்தான்.

போரில் விமானத்தை முதலில் பயன்படுத்திய நாடு எது?

இத்தாலி. 1911-ல் துருக்கியிடமிருந்து லிபியாவைப் பிடுங்கப் போனபோது ஒன்பது விமானங்களைக் கப்பலில் ஏற்றிச் சென்றது. அக்டோபர் 23 அன்று கேப்டன் கார்லோ பியாட்சா ஒரு பிளேரியோ விமானத்தில் திரிப்போலியிலிருந்து கிளம்பி, அசீசியா பக்கம் இருந்த துருக்கிய முகாம்களைப் பார்த்துவிட்டு வந்தார். போர்க்களத்தில் விமானம் செய்த முதல் வேலை இப்படி வெறுமனே பார்த்துவிட்டு வந்ததுதான்.

ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 1 அன்று, லெஃப்டினன்ட் ஜூலியோ கவோட்டி தோல் பையில் நான்கு கையெறி குண்டுகளைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒரு கை விமானத்தைப் பிடித்திருக்க, இன்னொரு கையால் குண்டை எடுத்து, இறக்கையில் படாமல் வெளியே எறிய வேண்டும். ஐன் சாராவிலும் தாஜூராவிலும் எறிந்தார். ராணுவ ரீதியாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மருத்துவ முகாம் மீது குண்டு விழுந்தது என்று துருக்கி குற்றம் சாட்ட, இத்தாலி மறுத்தது. வான்வழிக் குண்டுவீச்சோடு அதைப் பற்றிய வாக்குவாதமும் அந்தப் போரிலேயே பிறந்துவிட்டது.

மறு வருடம் பால்கன் போரில் பல்கேரிய விமானிகள் எடிர்னே நகரின் ரயில் நிலையத்தருகே குண்டு போட்டார்கள்.

குதிரைப்படைக்காரர்கள் விமானத்தை எதிர்த்தார்களாமே?

குதிரைகள் மிரளும் என்ற புலம்பல் பிரிட்டனில் இருந்தது. சிரிப்பாக இருக்கிறது, ஆனால் வேவு பார்ப்பது அதுவரை குதிரைப்படையின் பரம்பரை வேலை. ஆயிரக்கணக்கான குதிரைகள் ஒரு நாள் முழுக்க அலைந்து கொண்டுவரும் செய்தியை இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்தால் கோபம் வராதா?

அந்தக் கோபத்துக்கு நடுவே 1912 செப்டம்பரில் கிழக்கு ஆங்கிலியாவில் பெரிய போர் ஒத்திகை நடந்தது. ஒரு பக்கம் டக்ளஸ் ஹேக், குதிரைப்படையில் வளர்ந்தவர். எதிர்ப் பக்கம் ஜேம்ஸ் கிரியர்சன். ஹேக்கின் படை எங்கிருந்து எங்கே போகிறது என்பதை விமானிகள் பார்த்துச் சொல்லச் சொல்ல, கிரியர்சன் தன் ஆட்களை மரங்களுக்கும் வேலிகளுக்கும் அடியில் ஒளித்து வைத்தே நகர்த்தினார். ஹேக் தோற்றார். எதிரியின் விமானத்துக்குத் தெரியாமல் மறைய வேண்டும் என்ற பாடத்தையும் சேர்த்துப் படித்துக்கொண்டவர் கிரியர்சன்தான். 1914 ஆகஸ்டில், போர் தொடங்கிய சில நாட்களில், பிரான்சில் ரயிலில் போகும்போது இதயக் கோளாறால் இறந்துபோனார். ஹேக்தான் பின்னால் பிரிட்டிஷ் படை முழுவதற்கும் தலைமை ஏற்றார்.

முதல் உலகப்போர் தொடங்கியபோது நிலைமை எப்படி இருந்தது?

பிரிட்டிஷ் தரைப்படையின் விமானப் பிரிவான ராயல் ஃப்ளையிங் கோர் 1912-ல் உருவானது. 1914 ஆகஸ்ட் 13 அன்று டோவரிலிருந்து கடலைத் தாண்டிப் பிரான்சின் அமியான் நோக்கிப் பறக்கத் தொடங்கியது. மொத்தம் அறுபது விமானங்கள் மாதிரி. நடுக்கடலில் எஞ்சின் நின்றால் மிதக்க வேண்டுமே என்று சில விமானிகள் மோட்டார் வண்டி ட்யூபை ஊதி மாட்டிக்கொண்டு ஓட்டினார்கள். தரை வழியே போன சாமான்களுக்கு ராணுவ வண்டி போதாமல் கடைகளின் டெலிவரி வண்டிகளைப் பிடித்திருந்தார்கள். ஒரு ஸ்குவாட்ரனின், அதாவது விமான அணியின், வெடிகுண்டு வண்டி, பக்கத்தில் ஸாஸ் விளம்பரம் எழுதிய செக்கச் சிவப்பு வண்டி. நல்லதாகப் போயிற்று: வழி தெரியாத விமானிகள் மேலிருந்து அந்தச் சிவப்பைத் தேடியே தங்கள் ஆட்களைக் கண்டுபிடித்தார்கள்.

வழி தெரியாதது சின்னப் பிரச்சினை இல்லை. ஆகஸ்ட் 19 அன்று நடந்த முதல் வேவுப் பயணத்தில் போன இரண்டு விமானிகளுமே வழி தவறினார்கள். ஒருவர் பெரிய நகரம் ஒன்றின் மேலே பறந்தார், அது பிரஸ்ஸல்ஸ் என்று அவருக்குத் தெரியவில்லை. இன்னொருவர் கீழே இறங்கி ஊர்க்காரர்களிடம் வழி கேட்டார்.

மூன்றே நாளில் கைதேறிவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று பெரும் ஜெர்மன் படை நெருங்குவதையும் அதன் ஒரு பகுதி பக்கவாட்டில் வளைவதையும் பார்த்து வந்தார்கள். பிரிட்டிஷ் தலைமையகம் அதை முழு மனதோடு எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள் பெல்ஜியத்தின் மோன்ஸில் சண்டை வந்தபோது, விமானிகள் சொன்ன படை நேரில் வந்து நின்றது.

செப்டம்பர் தொடக்கத்தில், பாரிஸை நோக்கி வந்த ஜெர்மன் முதலாம் படை நகரத்துக்குக் கிழக்கே திரும்பியது. பிரெஞ்சு, பிரிட்டிஷ் விமானிகள் அந்தத் திருப்பத்தைப் பார்த்தார்கள். இந்தத் தடவை நம்பினார்கள். பாரிஸின் ராணுவ ஆளுநர் கலியெனி, விலா காட்டிய அந்தப் படையின் மேல் பாயப் பிடிவாதமாக நின்றார். அதுதான் மார்ன் போர். பாரிஸ் டாக்சிகள் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போன கதையை எல்லோரும் சொல்வார்கள். எங்கே போக வேண்டும் என்பதைச் சொன்ன விமானிகளை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

மேலே பார்த்ததைக் கீழே எப்படிச் சொன்னார்கள்?

ஆரம்பத்தில் ஒரே வழி: இறங்கி வந்து வாயால் சொல்வது. அல்லது காகிதத்தில் எழுதி, வண்ண நாடாக்கள் தொங்கும் பையில் போட்டு எறிவது. பீரங்கிக்கு இது போதாது. குண்டு எங்கே விழுந்தது என்பது அடுத்த குண்டு போடுவதற்குள் தெரிய வேண்டும். வண்ண வாணம் சுட்டுச் சைகை செய்து பார்த்தார்கள். அதில் அதிகம் சொல்ல முடியவில்லை.

1914 செப்டம்பரில் பிரான்சில் 'ஏன்' (Aisne) என்ற ஆற்றின் கரையில் கம்பியில்லாத் தந்தியை விமானத்தில் ஏற்றினார்கள். பெட்டி அவ்வளவு கனம், அதை வைத்தால் கூட வருபவருக்கு இடம் இல்லை. விமானி தனியாக ஓட்டிக்கொண்டே, எதிரியைப் பார்த்துக்கொண்டே, மோர்ஸ் தட்ட வேண்டும். ஏரியலாக நீளமான ஒரு கம்பி விமானத்துக்குப் பின்னால் தொங்கும். இறங்கும் முன் அதைச் சுருட்டிக்கொள்ள வேண்டும்.

பேச்சு ஒருவழிதான். கீழிருந்து பதில் சொல்ல, தரையில் வெள்ளைத் துணிப் பட்டைகளை எழுத்து வடிவில் விரித்தார்கள்.

மோர்ஸில் நீட்டி எழுத நேரமில்லை என்பதால் 1915-ல் கடிகாரக் குறியீடு வந்தது. எனக்கு இந்தப் போரில் மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். இலக்கை நடுவில் வைத்து அதன் மேல் ஒரு கடிகாரத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். 12 மணி என்றால் வடக்கு. இலக்கைச் சுற்றிலும் வட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து: ஏ என்றால் 50 கஜம், பி 100, சி 200. விமானி 'பி 6' என்று தட்டினால், குண்டு இலக்குக்கு நேர் தெற்கே 100 கஜம் தள்ளி விழுந்தது என்று பொருள். இரண்டே எழுத்து. பீரங்கிக்காரர் குழாயைச் சற்று உயர்த்துவார் அல்லது தாழ்த்துவார், அடுத்த குண்டு போகும். மேற்கு முனையில் பெரும்பாலோரைக் கொன்றது பீரங்கி. அந்தப் பீரங்கிக்குக் குறி சொன்னது மெதுவாக வட்டமடித்துக்கொண்டிருந்த இந்த விமானங்கள்.

புகைப்படம் எப்போது வந்தது?

லிபியாவிலேயே இத்தாலியர்கள் எடுத்துப் பார்த்தார்கள். முறையான வேலை 1915-ல். விமானத்தின் பக்கவாட்டில் சாய்ந்து, பெட்டி போன்ற கேமராவைக் கையில் பிடித்து, விறைத்துப்போன விரல்களால் கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். மார்ச் 10 அன்று நியூவ் ஷப்பெல் தாக்குதலுக்கு முன், ஜெர்மன் பதுங்குகுழிகளை இப்படிப் படமெடுத்தே வரைபடம் தயாரித்தார்கள். கண்ணால் பார்த்தவன் சொன்னால் சந்தேகப்படலாம், படத்தைச் சந்தேகப்படுவது கஷ்டம். தலைமையகங்கள் அதற்குப் பிறகு படம் கேட்டுக்கொண்டே இருந்தன.

தங்கள் படையே தங்கள் விமானத்தைச் சுட்டதாமே?

சுட்டது. காலாட்படைக்கு மேலே பறப்பதெல்லாம் எதிரிதான். பிரிட்டிஷார் இறக்கையின் அடியில் யூனியன் ஜாக் கொடியை வரைந்து பார்த்தார்கள். தூரத்திலிருந்து அதிலுள்ள சிலுவை மட்டும் தெரிந்தது, ஜெர்மன் சிலுவை என்று நினைத்து இன்னும் சுட்டார்கள். கடைசியில் பிரெஞ்சுக்காரர்களின் வட்ட முத்திரையை எடுத்து, நிறங்களின் வரிசையை மட்டும் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் பிரிட்டிஷ் ராணுவ விமானங்களில் அந்த வட்டம்தான்.

வானத்தில் சண்டை எப்படித் தொடங்கியது?

எதிரியின் கண்ணைக் குத்த வேண்டும் என்ற எண்ணத்தில்தான். முதலில் கைத்துப்பாக்கி, ரைஃபிள். ரஷ்யாவின் பியோத்தர் நெஸ்தரோவ் 1914 செப்டம்பரில் தன் விமானத்தாலேயே ஆஸ்திரிய விமானத்தை மோதி வீழ்த்தினார், தானும் இறந்தார். அக்டோபர் 5 அன்று ரைம்ஸ் அருகே இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஒரு ஜெர்மன் விமானத்தை மெஷின் கன்னால் சுட்டு வீழ்த்தினார்கள். அவர்களுடைய வுவாசான் விமானத்தில் எஞ்சின் பின்னால் இருந்தது, முன்னால் சுடத் தடையில்லை.

எஞ்சின் முன்னால் இருந்தால்? சுழலும் புரொப்பல்லர் வழியே சுட்டால் அது உடையாதா?

உடையும். ரோலான் காரோஸ் என்ற பிரெஞ்சு விமானி அதற்கு முரட்டு வழி ஒன்றைக் கையாண்டார்: புரொப்பல்லர் இலைகளில் எஃகு ஆப்புகளைப் பொருத்தினார். பெரும்பாலான தோட்டாக்கள் இடைவெளியில் போய்விடும், இலையில் படுவது தெறித்துப் போகும். 1915 ஏப்ரல் 1 அன்று முதல் விமானத்தை வீழ்த்தினார். ஏப்ரல் 18-ல் ஜெர்மானியர் பக்கம் இறங்க நேர்ந்து விமானத்தோடு மாட்டிக்கொண்டார்.

ஜெர்மனிக்கு விமானம் செய்துகொண்டிருந்த ஆந்தனி ஃபோக்கரின் பட்டறை இதற்குச் சரியான விடையைப் பொருத்திவிட்டது. கணக்கு இப்படி: இரண்டு இலை கொண்ட புரொப்பல்லர் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றினால், துப்பாக்கி முனையை ஒரு விநாடியில் 40 தடவை ஓர் இலை கடக்கும். ஆகவே சுழற்சியையே துப்பாக்கிக்கு விசையாக்கிவிட்டார்கள். இலை விலகியிருக்கும்போது மட்டும் தோட்டா கிளம்பும். விமானத்தையே எதிரியை நோக்கித் திருப்பினால் போதும், அதுவே துப்பாக்கி.

1915 கோடையிலிருந்து நேச நாட்டு வேவு விமானங்கள் விழத் தொடங்கின. பாவம், பிரிட்டிஷ் பி.இ.2சி விமானத்தின் நல்ல குணமே அதற்கு எமனானது. விமானி நிம்மதியாகப் பார்க்கவும் குறிப்பெழுதவும் வேண்டும் என்று, தானாகவே நிலையாகப் பறக்கும்படி அதை வடிவமைத்திருந்தார்கள். நிலையாகப் பறப்பது சட்டென்று திரும்பாது. பார்ப்பதற்கென்றே செய்த விமானம் தப்பிக்கத் தெரியாமல் விழுந்தது.

கடற்படைகள் என்ன செய்தன?

யூஜின் எலி 1910 நவம்பரில் பர்மிங்ஹாம் என்ற அமெரிக்கக் கப்பலிலிருந்து கிளம்பினார். 1911 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பென்சில்வேனியா கப்பலின் மேல் இறங்கினார். தளத்தின் குறுக்கே கயிறுகளைப் போட்டு இரு முனையிலும் மணல் மூட்டைகளைக் கட்டியிருந்தார்கள். விமானத்தின் கொக்கிகள் அதில் மாட்டி நின்றன. இன்றைய விமானந்தாங்கிக் கப்பல்களிலும் கம்பியும் கொக்கியும்தான்.

எம்டன் சென்னையைத் தாக்கியது நமக்குத் தெரியும். எம்டனிடம் விமானம் கிடையாது. ஆனால் 1917 பிப்ரவரியில் கொழும்புக்கு வெளியே கண்ணிவெடி விதைத்துப் போன வுல்ஃப் என்ற ஜெர்மன் கப்பலில், 'குட்டி ஓநாய்' என்று பெயரிட்ட ஒரு கடல் விமானம் இருந்தது. தூரத்தில் வரும் கப்பல்களை முன்கூட்டியே பார்த்துச் சொல்வது அதன் வேலை.

பயிற்சி எப்போது ஒழுங்கானது?

தாமதமாகத்தான். சுழன்று விழத் தொடங்கினால் என்ன செய்வது என்றே பல காலம் யாரும் சொல்லித்தரவில்லை. பிரிட்டனில் பயிற்சியாளர்கள் மாணவர்களுக்கு வைத்த பட்டப்பெயர் 'ஹன்', அதாவது ஜெர்மன்காரன். நம் ஆட்களையும் நம் விமானத்தையும் இவன்களும் காலி செய்கிறார்களே என்று. 1917-ல் காஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பாரி இதை மாற்றினார். ஆபத்தைத் தவிர்க்கச் சொல்லாமல், வேண்டுமென்றே ஆபத்தில் கொண்டுபோய் விட்டு, மீளக் கற்றுக்கொடுத்தார். எஞ்சின் இரைச்சலில் பேசுவதற்கு ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் காது வரை ஒரு ரப்பர் குழாய்.

பாராசூட் இருந்ததா?

பலூன்காரர்களுக்கு இருந்தது. பிரிட்டிஷ் விமானிகளுக்குப் போர் முடியும்வரை தரவில்லை. ஜெர்மானியர் 1918-ல் கொடுக்கத் தொடங்கினார்கள்.

தனி விமானப்படை எப்படி வந்தது?

1917 ஜூன் 13 அன்று ஜெர்மனியின் கோத்தா விமானங்கள் பட்டப்பகலில் லண்டனைக் குண்டுவீசி 162 பேரைக் கொன்றன. மக்கள் கொதித்தார்கள். தனி விமானப்படை வேண்டும் என்று சொன்ன தென்னாப்பிரிக்க ஜெனரல் ஸ்மட்ஸின் அறிக்கையைத் தொடர்ந்து, தரைப்படையின் விமானப் பிரிவும் கடற்படையின் பிரிவும் இணைந்து 1918 ஏப்ரல் 1 அன்று ராயல் ஏர் ஃபோர்ஸ் ஆனது. முதலில் விமானம் வாங்கிய அமெரிக்காவில் தனி விமானப்படை வந்தது 1947-ல்தான்.

இந்தியர்கள் யாராவது அந்தப் போரில் பறந்தார்களா?

சிலர் பறந்தார்கள். ஹர்தித் சிங் மாலிக் தலைப்பாகைக்கு மேலே பொருந்தும்படி தனியாகச் செய்த தலைக்கவசம் அணிந்து ஓட்டினார். கல்கத்தாவின் இந்திரலால் ராய் 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் பத்து வெற்றிகள் பெற்று, 22-ஆம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டார். வயது 19.

இந்தியாவுக்கென்று விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று சட்டப்படி உருவானது. அடுத்த ஏப்ரலில் கராச்சியின் டிரிக் ரோட்டில் முதல் ஸ்குவாட்ரன், நான்கே வாபிட்டி விமானங்களோடு. அதற்குக் கொடுத்த வேலை தரைப்படைக்குத் துணை போவது. மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, கீழே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்.